அமெரிக்கக் கல்லூரியில் ரஷ்: பதிவு செய்வதிலிருந்து பிட் வாங்குவது வரை

ஜூலை பிறந்தால் என் வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "அக்கா, ரஷ் பண்ணலாம்னு இருக்கேன். முதல் நாளுக்கு என்ன ட்ரெஸ் போடணும்?" ரஷ் என்றால் கல்லூரியின் மாணவர் சங்கங்களான சொராரிட்டி, ஃபிரட்டர்னிட்டிகளில் சேர நடக்கும் சேர்க்கை. கேட்பது டல்லாஸிலோ அட்லாண்டாவிலோ வளர்ந்த உறவுக்காரப் பெண்ணாக இருக்கும். சில சமயம் சென்னையிலிருந்து முதல் வருடம் படிக்க வரும் பிள்ளை. உடை முக்கியம்தான், ஆனால் அது ஐந்தாவதாக வரவேண்டிய கேள்வி. நான் பார்த்த அழுகைகளில் பாதிக்கு மேல், அதற்கு முன்னால் கேட்காமல் விட்ட கேள்விகளால் வந்தவை.

தெற்கு மாநிலம் ஒன்றின் பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் நான் சொராரிட்டி சேர்க்கைக்குப் போனவள். பிறகு இரண்டு ஆண்டுகள் சேர்க்கை ஆலோசகராக இருந்தேன். பல வளாகங்களில் இவர்களை ரோ காமா என்பார்கள். சேர்க்கை முடியும்வரை நாங்கள் எந்தச் சொராரிட்டி என்று வெளியே சொல்லக்கூடாது. எங்களிடம் ஒப்படைத்த பெண்களைக் கைப்பிடித்து அழைத்துப் போவதுதான் வேலை. தம்பி வேறு ஊரில் ஃபிரட்டர்னிட்டி பக்கம் போனான். அந்தப் பகுதி அவன் சொன்னது.

புதியவர்களுக்கு இரண்டு வரி. சொராரிட்டி பெண்கள் சங்கம், ஃபிரட்டர்னிட்டி ஆண்கள் சங்கம்; பெயர்கள் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளாக இருக்கும். கல்லூரியில் இருக்கும் கிளை சாப்டர்; பெரும்பாலும் அதற்கென்று ஒரு வீடு இருக்கும், அதனால் 'வீடு' என்றாலும் அதுதான். சேரச் சொல்லி வரும் அழைப்பு பிட். நம் பிள்ளைகள் இதை நுழைவுத் தேர்வு மாதிரி நினைத்துத் தயாராகிறார்கள். எனக்கு இது பெண் பார்க்கும் படலம் மாதிரிதான் தோன்றும். இரண்டு பக்கமும் பார்க்கிறது, இரண்டு பக்கமும் சிரிக்கிறது, முடிவை "சொல்லி அனுப்புகிறோம்" என்கிறது.

1. எந்த வாசல் என்று முதலில் பிரியுங்கள்

ஒரே வளாகத்தில் நான்கு தனித்தனி அமைப்புகள் இருக்கும். நான்குக்கும் நான்கு விதமான சேர்க்கை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எங்கேயும் பதிவு செய்யாதீர்கள்.

முதலாவது பான்ஹெலனிக். இது தேசியப் பான்ஹெலனிக் மாநாட்டின் கீழ் வரும் சொராரிட்டிகள். சுற்று, தரவரிசை, கணினிப் பொருத்தம் என்று எல்லாம் விதிப்படி நடக்கும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றித்தான். இரண்டாவது ஐ.எஃப்.சி. என்கிற ஃபிரட்டர்னிட்டி கவுன்சில். ஆண்கள் பக்கம், விதிகள் மிகக் குறைவு. மூன்றாவது, வரலாற்று ரீதியாகக் கறுப்பின மாணவர்கள் தொடங்கிய ஒன்பது அமைப்புகள். 'டிவைன் நைன்' என்றால் எல்லோருக்கும் தெரியும். நான்காவது பன்முகப் பண்பாட்டுக் கவுன்சில். லத்தீன், ஆசிய, தெற்காசிய அமைப்புகள் பெரும்பாலும் இதில்தான் இருக்கும்.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிரேக்க எழுத்து இருக்கிறதே என்று பார்த்து மயங்குவது. ஃபை பீட்டா காப்பா மதிப்பெண்ணுக்கான கௌரவச் சங்கம். அதற்கு ரஷ் கிடையாது. டெல்டா சிக்மா பை வணிகப் படிப்புக்கானது, தீட்டா டவ் பொறியியலுக்கானது. இரண்டிலும் ஆண் பெண் இருபாலரும் சேரலாம். ஒரு பையன் மூன்று வாரம் வணிகச் சங்கத்தின் நேர்காணலுக்குப் போய்விட்டு, "வீடு எப்போ காட்டுவாங்க?" என்று என்னிடம் கேட்டான்.

2. காலண்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

எல்லாக் கல்லூரியிலும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டில், வகுப்பு தொடங்கும் முன்பே நடக்கும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வருவார்கள். 2021-இல் டிக்டாக்கில் ஊரே பார்த்தது அந்த வாரத்தைத்தான். கார்னெல், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதலாண்டு மாணவர்கள் இரண்டாவது செமஸ்டர் வரை காத்திருக்க வேண்டும்.

இதன் விளைவு சின்னதாகத் தெரியும், ஆனால் பணம் தின்னும். ஆகஸ்ட் சேர்க்கை என்றால் விடுதிக்கு முன்கூட்டியே வர அனுமதி வாங்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். இந்தியாவிலிருந்து எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் வருபவர்கள் படிப்பு தொடங்கும் தேதிக்கு 30 நாள் முன்னால்தான் நாட்டுக்குள் வர முடியும். வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டாய அறிமுக வகுப்பும் சேர்க்கை வாரமும் ஒரே நாளில் விழுவது உண்டு. அப்படி விழுந்தால் அறிமுக வகுப்புதான் முதலில். அதைத் தவிர்த்தால் விசாப் பதிவில் சிக்கல் வரும். வெளிநாட்டு மாணவர் அலுவலகம், சேர்க்கையை நடத்தும் அலுவலகம் இரண்டுக்கும் ஜூன் மாதமே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

3. ஒரு தாளில் மூன்று விடை எழுதுங்கள்

என் குழுவில் வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் முதல் நாள் நான் கேட்டது இதுதான். வெறும் தாள், மூன்று வரி. வருடத்துக்கு எவ்வளவு பணம் வரை முடியும்? வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும்? எதைச் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுவேன்? இதை வீட்டில், அமைதியாக இருக்கும்போது எழுத வேண்டும். நான்காவது நாள் இரவு கண்ணில் நீரும் காலில் கொப்புளமுமாக உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் யோசனை சரியாக ஓடாது.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் இதை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சேர்க்கைக்குப் பதிவு செய்யவே ஒரு கட்டணம் உண்டு. விலகினால் பெரும்பாலும் திரும்பி வராது. பிட் ஏற்ற பிறகு வருவதுதான் பெரிய செலவு. செமஸ்டர் சந்தா, புது உறுப்பினர் கட்டணம், பேட்ஜ், வீட்டைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், வீட்டிலேயே சாப்பாடு என்றால் அதற்கு. பட்டியலில் இல்லாமல் வருவது தனி: டி-ஷர்ட்டுகள், நிகழ்ச்சி உடைகள், கூட்டத்துக்கு வராததற்கு அபராதம், 'லிட்டில்' (உங்கள் பொறுப்பில் வரும் புது உறுப்பினர்) கிடைத்தால் அவளுக்குக் கூடை கூடையாகப் பரிசு. வளாகத்துக்கு வளாகம் சில நூறு டாலரிலிருந்து பல ஆயிரம் வரை போகும். என் முதல் செமஸ்டர் பில் 2,000 டாலரைத் தாண்டியது. அப்பா ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம், "இது என்னம்மா, இன்னொரு காலேஜா?" என்றார்.

பெரும்பாலான பான்ஹெலனிக் கவுன்சில்கள் சாப்டர்களின் கட்டண வரம்பை வெளியிடுகின்றன. முதல் சுற்றுக்கு முன்பே அதைப் படியுங்கள். இரண்டாம் ஆண்டில் அந்த வீட்டிலேயே தங்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளியே அறைக்கு ஒப்பந்தம் போட்ட பிறகு இது தெரியவந்தால் இரண்டு வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

4. விண்ணப்பம்

இதை வேகமாகச் சொல்லிவிடலாம். பதிவுப் படிவம், ஒரு நல்ல முகப் படம், பள்ளி மதிப்பெண், தலைமைப் பொறுப்புகள், சேவை. பல சாப்டர்கள் குறைந்தபட்ச மதிப்பெண் சராசரி வைத்திருக்கும். அதற்குக் கீழே இருந்தால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை. இந்தியப் பள்ளியின் சதவீத மதிப்பெண் என்றால் அதை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

இன்ஸ்டாகிராமை அவர்கள் பார்ப்பார்கள். 21 வயதுக்குக் கீழே கையில் சிவப்புக் கோப்பையோடு இருக்கும் படங்களை எடுத்துவிடுங்கள்; உள்ளே மது என்றுதான் நினைப்பார்கள்.

"எங்க அம்மா சொராரிட்டியில் இல்லையே, சிபாரிசுக் கடிதம் தர யாரும் இல்லையே" என்று குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் பயப்படுவார்கள். 2020-க்குப் பிறகு பல தேசிய சொராரிட்டிகள் வாரிசு முன்னுரிமையையும் கட்டாயச் சிபாரிசையும் கைவிட்டுவிட்டன. கடிதம் கிடைத்தால் கொடுங்கள், கிடைக்காவிட்டால் தூக்கம் கெட வேண்டாம். அதற்காக நிறம் எங்கேயும் பொருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன். கறுப்பினப் பெண்களைச் சொராரிட்டிகள் ஒதுக்கியதை அலபாமாவின் மாணவர் பத்திரிகை வெளியே கொண்டுவந்தது 2013-இல்தான். ஒரு வீட்டின் சென்ற ஆண்டு பிட் நாள் படத்தைப் பார்த்தாலே நிறையத் தெரியும்.

5. சுற்றுகளுக்குள் என்ன நடக்கிறது

பெரும்பாலும் நான்கு சுற்று. பெயர் மாறும், வரிசை மாறாது. முதலில் எல்லா வீட்டையும் பார்க்கும் அறிமுகச் சுற்று. பிறகு அவர்கள் செய்யும் அறப்பணி பற்றிய சுற்று. பிறகு சகோதரித்துவச் சுற்று. கடைசியில் பிரஃபரன்ஸ், எல்லோரும் 'பிரெஃப்' என்பார்கள். ஒவ்வொரு நாளும் வீடுகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் நேரம் கூடும். முதல் நாள் ஒரு வீட்டில் இருபது நிமிடம் கிடைத்தால் அதிகம். பிரெஃபில் ஒரு மணி நேரம் வரை போகலாம்.

கதவு திறந்ததும் ஐம்பது அறுபது பெண்கள் ஒரே குரலில் பாடிக் கைதட்டுவார்கள். முதல் தடவை பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். சிரித்துக்கொண்டு நில்லுங்கள், கூடவே பாட வேண்டியதில்லை.

உள்ளே ஒருத்தி உங்களை அழைத்துப் போய்ப் பேசுவாள். சில நிமிடத்தில் இன்னொருத்தி வந்து அவள் தோளைத் தொடுவாள், முதலாமவள் எழுந்து போய்விடுவாள். இதற்குப் பெயர் பம்ப். என் குழுவில் பாதிப் பேர் இதைத் தன்னைப் பிடிக்காமல் எழுந்து போனதாக நினைத்துக்கொண்டார்கள். அது மணிக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்த சுழற்சி. நீங்கள் மூன்று நான்கு பேரிடமாவது பேச வேண்டும், உங்களுக்கு ஓட்டுப்போட அப்போதுதான் ஆள் இருக்கும்.

என்ன பேசுவது? ஊர், படிப்பு என்பதை முப்பது வினாடியில் முடித்துவிடுங்கள். அதை அவள் அன்று நூறு பேரிடம் கேட்டிருப்பாள். மனதில் நிற்பது குட்டிக் கதைதான். என் குழுவில் ஒரு பெண், கோலப் போட்டியில் தான் போட்ட மயிலைப் பக்கத்து வீட்டு நாய் மிதித்த கதையை எல்லா வீட்டிலும் சொன்னாள். மறுநாள் எல்லா வீட்டிலும் அவள் 'மயில் பொண்ணு'. உங்கள் பெயரைச் சுருக்கி 'நிக்கி', 'விக்கி' என்று ஆக்கிக்கொள்ள வேண்டாம். ஒரு தடவை மெதுவாகச் சொல்லிக் கொடுங்கள். அதைச் சரியாகச் சொல்ல முயற்சி செய்கிறவர்கள் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

பையன்கள், பாட்டில், பைபிள், பேங்க் பேலன்ஸ், ஓட்டு அரசியல். இந்த ஐந்தையும் பேசாதே என்று உறுப்பினர்களுக்கே சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் சந்தா எவ்வளவு என்று கேட்பது வேறு. அது உங்கள் உரிமை. இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றில், "முதல் வருடம் மொத்தமாக எவ்வளவு வரும், தவணை உண்டா?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உடைக்கு வருவோம். ஒவ்வொரு சுற்றுக்கும் என்ன மாதிரி உடை என்று கவுன்சிலே படத்தோடு அனுப்பும். முதல் நாள் அவர்களே டி-ஷர்ட் கொடுப்பது உண்டு. பிரெஃபுக்குக் கொஞ்சம் முறையான உடை. புதிதாக வாங்கிக் குவிக்காதீர்கள். கவனம் செருப்பில் இருக்கட்டும். ஆகஸ்ட் வெயிலில் வீடு வீடாக நடக்க வேண்டும். நடக்கும்போது ரப்பர் செருப்பு, வாசலில் மாற்றிக்கொள்ள நல்ல செருப்பு. பையில் தண்ணீர், கைவிசிறி, பிளாஸ்டர், கடலை மிட்டாயோ வேறு நொறுக்குத் தீனியோ. வீட்டுக்குள் பெரும்பாலும் தண்ணீர்தான் தருவார்கள். காலையில் சாப்பிடாமல் வந்து வரிசையில் மயங்கி விழுந்தவர்களை நான் தூக்கியிருக்கிறேன்.

வெளியே வந்த உடனே, அடுத்த வீட்டு வாசலில் நிற்கும்போதே, யாரிடம் என்ன பேசினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆறாவது வீட்டுக்குப் பிறகு எல்லா வீட்டுச் சோபாவும் ஒன்றுதான்.

6. தரவரிசை: கணினி எப்படிப் பொருத்துகிறது

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எந்த வீட்டுக்கெல்லாம் திரும்பப் போக விருப்பம் என்று பதிவு செய்வீர்கள். பதினாறு வீட்டில் அடுத்த சுற்றுக்குப் பன்னிரண்டு என்றால், பிடித்த பன்னிரண்டைக் குறித்துவிட்டு மீதி நான்கை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். அதே இரவில் ஒவ்வொரு வீடும் யாரை அழைப்பது என்று தன் பட்டியலைக் கொடுக்கும். உங்களை அழைத்த வீடுகளில் உங்களுக்குப் பிடித்தவை மறுநாள் அட்டவணையில் வரும். நீங்கள் எந்த வீட்டை எங்கே வைத்தீர்கள் என்பது வீடுகளுக்குத் தெரியாது. அதனால் பயந்துகொண்டு, தந்திரம் செய்வதாக நினைத்து வரிசையை மாற்றாதீர்கள். உண்மையாகப் பிடித்த வரிசைதான் சரியான வரிசை.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. ஒரு வீடு எத்தனை பேரை அடுத்த சுற்றுக்கு அழைக்கலாம் என்பதை அந்த வீடு தன் இஷ்டத்துக்கு முடிவு செய்ய முடியாது. முந்தைய ஆண்டுகளில் அந்த வீடு அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று கணக்குப் போட்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் எண் தருவார்கள். எல்லோரும் ஆசைப்படும் வீட்டுக்கு அந்த எண் சிறியதாக இருக்கும். ஆகவே பெரிய பெயர் எடுத்த வீடுகள் முதல் நாளிலேயே ஏகப்பட்ட பேரை விட்டுவிட வேண்டியிருக்கிறது. இருபது நிமிடம் சிரித்துப் பேசிய வீடு மறுநாள் அட்டவணையில் இல்லாமல் போவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான். நம் பிள்ளைகள் மட்டும், "நான் என்ன தப்பாப் பேசினேன்?" என்று இரவு முழுக்கத் தேடுவார்கள்.

இரண்டாம் நாள் காலையில் விலகுகிறவர்கள்தான் அதிகம். காரணம், டிக்டாக்கில் பார்த்த ஒரே வீடு கையை விட்டுப் போயிருக்கும். அன்று மதியம் வரை பொறுங்கள் என்று நான் சொல்வேன். இணையத்தில் பெயர் தெரியாதவர்கள் போடும் 'டாப் ஹவுஸ்' பட்டியல்களை அந்த வாரம் முழுக்கத் திறக்காதீர்கள். உங்களைத் திரும்ப அழைத்த வீட்டுக்குப் புதுக் கண்ணோடு போனால், அங்கே ஓர் ஆள் உங்களோடு ஒட்டிக்கொள்வாள்.

7. பிரெஃப் இரவும் கையெழுத்தும்

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

கடைசிச் சுற்றில் அதிகபட்சம் இரண்டு வீடு, சில இடங்களில் மூன்று. விளக்கை மங்கலாக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, மூத்த மாணவிகள் அழுதுகொண்டே பேசுவார்கள். நீங்களும் அழுவீர்கள், அப்படி வடிவமைத்த இரவு அது. அங்கிருந்து நேராக ஓர் அறைக்கு அழைத்துப் போய் ஒப்பந்தம் ஒன்றை முன்னால் வைப்பார்கள். அது கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதில் நீங்கள் எழுதும் எந்த வீட்டிலிருந்து பிட் வந்தாலும் ஏற்பதாகச் சொல்கிறீர்கள். பிட் வந்து மறுத்தால், அந்த வளாகத்தில் அடுத்த ஆண்டின் முக்கியச் சேர்க்கை தொடங்கும்வரை வேறு எந்தப் பான்ஹெலனிக் சொராரிட்டியிலும் சேர முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகு வரிசையை மாற்றவும் முடியாது.

என் முதல் வருடக் குழுவில் ஒரு பெண் இரண்டாவது இடத்தில் சும்மா ஒரு வீட்டை எழுதினாள். "எப்படியும் முதல் வீடு கிடைச்சிடும் அக்கா." மறுநாள் உறையைத் திறந்தபோது இரண்டாவது வீடு. மறுத்துவிட்டாள். அக்டோபரில் அவளுக்கு மிகவும் பிடித்த இன்னொரு வீட்டில் இடம் காலியானது. அவளால் வாசலில்கூட நிற்க முடியவில்லை.

ஆகவே பேனாவை எடுக்கும் முன் அந்தத் தாளை எடுங்கள். அந்த வீட்டின் கட்டணம் நீங்கள் எழுதிய தொகைக்குள் வருகிறதா? நேரம் வருகிறதா? வருகிறது, ஆனால் மனம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றால் எழுதலாம். பலருக்கு அது ஒரு மாதத்தில் சரியாகிவிடும். அங்கே காலே வைக்க மாட்டேன் என்றால் எழுதாதீர்கள். ஒரே ஒரு வீட்டை மட்டும் எழுத அனுமதி உண்டு. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. கிடைத்த எல்லா வாய்ப்பையும் எழுதியவள் பொருந்தாமல் போனால், அவளை ஒரு வீட்டில் கூடுதலாகச் சேர்க்க விதியில் வழி உண்டு. ஒன்றை மட்டும் எழுதியவளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

கையெழுத்திலிருந்து பிட் கிடைக்கும்வரை மௌன நேரம். எந்தச் சொராரிட்டிப் பெண்ணுக்கும் குறுஞ்செய்தி கூடாது. அம்மாவிடம் தாராளமாகப் பேசலாம்.

8. பிட் நாள், பிட் வராத நாள்

எல்லோரும் ஒரே மைதானத்தில் உறையைத் திறந்து, கத்திக்கொண்டு தங்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். படம் எடுப்பார்கள். அவ்வளவுதான்.

பிட் வராதவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலேயே ஆலோசகரிடமிருந்து தனியாக அழைப்பு வரும். அன்றைய நாள் அறையில் தனியாக இருக்காதீர்கள். ஜன்னல் வழியாக அந்தக் கூச்சல் கேட்கும். ஊருக்கு வெளியே ஒரு காபிக் கடைக்குப் போங்கள். இடம் மீதமிருக்கும் வீடுகள் அன்றைக்கோ அடுத்த சில வாரங்களிலோ நேரடியாக அழைக்கலாம். இந்தத் திறந்த சேர்க்கையில் சுற்று கிடையாது, மெழுகுவர்த்தியும் கிடையாது. ஒரு காபி, ஒரு சாப்பாடு, பிறகு பிட். எனக்குத் தெரிந்த சந்தோஷமான உறுப்பினர்களில் பலர் இந்த வழியாக வந்தவர்கள். உங்கள் பெயரை இதற்கான பட்டியலில் சேர்க்கச் சொல்லி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுத வேண்டும்; எழுதாவிட்டால் ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

9. ஆண்கள் பக்கம்

கணினி கிடையாது. மௌன நேரம் கிடையாது. கவுன்சிலில் பதிவு செய்துவிட்டு, ஒரு வாரமோ இரண்டு வாரமோ வீடு வீடாகப் போய் வெளியில் சமைத்த பர்கர் சாப்பிட்டு, கூடைப்பந்து ஆடி, கை குலுக்கிப் பேச வேண்டியதுதான். பிறகு அழைப்பு இருந்தால் மட்டும் போகும் விருந்துகள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பிட் கையில் கொடுப்பார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று பிட்டும் வரலாம். சில வீடுகள் கோடையிலேயே ஆள் பிடித்துவிடும். ஆகஸ்டில் போனால் பாதி இடம் நிரம்பியிருப்பது அதனால்தான்.

தம்பி செய்த தவறு, முதல் நாள் பிடித்த வீட்டிலேயே எல்லா நாளும் போய் உட்கார்ந்தது. பிட் வரவில்லை. வேறு யாருக்கும் அவனைத் தெரியாது. அடுத்த செமஸ்டரில் ஆறு வீட்டுக்குப் போனான். ரஷ் பொறுப்பாளரிடம் மட்டும் பேசினால் போதாது, அவர் எல்லோரிடமும்தான் சிரிப்பார். இரண்டாம் ஆண்டுப் பையன்களிடம் உட்காருங்கள்; போன வருடம் புதியவர்களாக இருந்தவர்கள் அவர்கள்தான். "புது உறுப்பினர் காலம் எத்தனை வாரம்? அந்தச் செமஸ்டரில் உன் மதிப்பெண் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவன் முகம் போகும் போக்கே பதில்.

ரஷ் நிகழ்ச்சிகளில் மது கூடாது என்பது பெரும்பாலான வளாகங்களில் விதி. நடைமுறை வேறு. தேசிய ஃபிரட்டர்னிட்டி அமைப்பு 2019 செப்டம்பரிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மதுவை வீடுகளில் தடை செய்திருக்கிறது. உரிமம் பெற்ற வெளியாள் ஊற்றினால் மட்டும் விலக்கு. வோட்கா பாட்டிலை நீட்டும் வீடு தன் தலைமையகத்தின் விதியையே மதிக்கவில்லை என்று பொருள். எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. குடித்துவிட்டு வண்டி ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா ரத்தாகலாம்.

10. மற்ற இரண்டு வாசல்கள்

டிவைன் நைன் அமைப்புகளில் ரஷ் வாரமே கிடையாது. முதலில் நீங்கள் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவர்களின் சேவை நிகழ்ச்சிகளுக்குப் போக வேண்டும், தகவல் கூட்டத்துக்கு முறையான உடையில் போக வேண்டும். சேர ஆசை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியக்கூடாது, அவர்களின் நிறங்களை உடுத்திக்கொண்டும் போகக்கூடாது. அடக்கமாக இருப்பதுதான் முதல் தேர்வு. பந்தம் வாழ்நாள் முழுக்க. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்த கமலா ஹாரிஸ் 2020-இல் துணை அதிபர் தேர்தலில் நின்றபோது, அந்தச் சகோதரிகள் நாடு முழுக்கத் திரண்டதைப் பார்த்தோம்.

தெற்காசியப் பின்னணியில் தொடங்கிய அமைப்புகள் 1990-களில் வந்தவை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996-இல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998-இல் டெல்டா எப்சிலான் சை, ஹூஸ்டனில் அதே ஆண்டு பெண்களுக்கான டெல்டா ஃபை ஒமேகா. பெரும்பாலும் சின்னச் சாப்டர்கள். பெரிய மாளிகை இருக்காது. ஒரு வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்தால் அதிகம். "நம்ம ஆளுங்கதானே" என்று விசாரிக்காமல் சேருவதுதான் இங்கே நடக்கும் தவறு. அடுத்த பகுதியைப் படித்துவிட்டுப் போங்கள்.

11. ஹேஸிங்கை முன்கூட்டியே விசாரிப்பது

நம் ஊர் ராகிங் தெரியும். தமிழ்நாட்டில் அதைத் தடுக்க 1997-இலேயே சட்டம் வந்தது. ஹேஸிங் அதன் அண்ணன். ஒரு வித்தியாசம். ராகிங்கில் சிக்கியவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். இங்கே உள்ளே போக ஆசைப்பட்டுத் தாங்களே நிற்பார்கள். அதனால்தான் தாளில் மூன்றாவது வரி.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பிட் ஏற்றவர்களுக்கு நடந்த இரவில் ஒரு மாணவருக்கு 82 நிமிடத்தில் 18 முறை மது கொடுத்தார்கள். படிக்கட்டில் விழுந்தார். உதவிக்கு அழைக்க ஏறத்தாழ 12 மணி நேரம் ஆனது. இறந்துபோனார். 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பாரூக் கல்லூரி முதலாண்டு மாணவர் ஒருவரை, பென்சில்வேனியாவின் போக்கனோ மலையில் வாடகைக்கு எடுத்த வீட்டில், கண்ணைக் கட்டி, முதுகில் பாரம் ஏற்றி, மோதி வீழ்த்தினார்கள். அவரும் இறந்தார். அது ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி. உடன் நின்றவர்கள் எல்லாம் 'நம்ம ஆளுங்க'.

விசாரிப்பது முன்பைவிட இப்போது எளிது. 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, ஹேஸிங் செய்ததாக உறுதியான அமைப்புகளின் விவரத்தைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும். கல்லூரி பெயரோடு 'ஹேஸிங் வெளிப்படை அறிக்கை' (Campus Hazing Transparency Report) என்று ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்கும். ரஷ்ஷுக்கு முன் அந்த வீட்டின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அண்மையில் தடை முடிந்து திரும்பிவந்த வீடு என்றால், தடைக்கு என்ன காரணம் என்று நேரில் கேளுங்கள்.

சேர்ந்த பிறகு கவனிக்க வேண்டியது: போனை வாங்கி வைத்துக்கொள்வது, எங்கே போகிறோம் என்று சொல்லாமல் வண்டியில் ஏற்றுவது, தூங்க விடாமல் வேலை வாங்குவது, 'குடும்ப பாட்டில்' என்று ஒன்றைக் கொடுத்து முடிக்கச் சொல்வது, "வெளியே சொல்லாதே" என்பது. கடைசியாகச் சொன்னது ஒன்றே போதும், எழுந்து வாருங்கள். யாராவது குடித்து மயங்கிக் கிடந்தால் "தூங்கினால் சரியாகிவிடும்" என்பதைக் கேட்காமல் 911. பல மாநிலங்களில், உதவிக்கு அழைத்தவரை வயதுக்குக் குறைந்து குடித்ததற்காகத் தண்டிக்காத சட்டம் இருக்கிறது. பெயர் சொல்லாமல் புகார் செய்ய 888-668-4293 என்ற தேசிய எண் உண்டு. அம்மா அப்பாக்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

12. சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால்

பிட் ஏற்றதும் நீங்கள் புது உறுப்பினர்தான். முழு உறுப்பினராவது சில வாரங்கள் கழித்து நடக்கும் இனிஷியேஷன் சடங்கில். அந்தச் சில வாரங்கள்தான் உங்களுக்கான சோதனைக் காலம். பான்ஹெலனிக் சொராரிட்டி ஒன்றில் இனிஷியேஷன் முடிந்துவிட்டால், வாழ்நாளில் வேறு எந்தப் பான்ஹெலனிக் சொராரிட்டியிலும் சேர முடியாது. அதற்கு முன் விலகினால், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு மறுபடி வரலாம்.

விலகுவதற்கு யாரிடமும் நேரில் போய் அழுது விளக்க வேண்டியதில்லை. சாப்டர் தலைவிக்கும் இந்தச் சங்கங்களைக் கவனிக்கும் கல்லூரியின் கிரேக்க வாழ்க்கை அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சல், தேதியோடு. புது உறுப்பினர் என்று கொடுத்த சட்டைப் பின்னைத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த தவணை எந்தத் தேதியில் விழுகிறது என்று பார்த்து அதற்கு முந்தின நாளே அனுப்புங்கள். ஒரு நாள் தாமதத்தால் முழுச் செமஸ்டர் கட்டிய ஒருத்தி இன்னும் அதை நினைத்து என்னிடம் புலம்புகிறாள்.